குளியல் தொட்டியின் வரலாறு

நம் காலனி அன்பர்கள் சிலர் ஓய்வு பெறுங் காலத்தை எண்ணிப் புதுமனை எழுப்பி வருகின்றனர். எப்புறமும் சுவரைத் தொடாது தனித்து நிற்கும் குளியல் தொட்டியைக் கடையிற் கண்டு, இரும்பில் வாங்குவதா, செம்பில் வாங்குவதா, அக்ரிலிக்கில் வாங்குவதா என்று வினவுவோரும் உளர். இவ்வினாவிற்கு விலைப்பட்டியலைக் காட்டிலும் வரலாறே நல்விடை தரும் என்பது என் துணிபு. நீரை யார் கொணர்ந்தனர், யார் வெளியேற்றினர் என்பதே தொட்டி எதனாற் செய்யப்பட வேண்டும் என்பதை நெடுங்காலம் முடிவு செய்தது.

மிகப் பழைய தொட்டிகளுள் ஒன்று கிரீட் தீவின் க்நாஸஸ் அரண்மனையிற் கிடைத்தது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த அது சுட்ட மண்ணால் ஆயது. உரோமரோ கருங்கல்லை விரும்பினர். காரகல்லா மன்னன் பெயர் தாங்கிய குளியல் மாளிகையின் கல்தொட்டிகள் இரண்டு, இன்று உரோம் நகரின் பர்னேசே சதுக்கத்தில் நீரூற்றுகளாக நிற்கின்றன.

கல்தொட்டியைக் காண அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. ஆக்ரா கோட்டையில் ஜஹாங்கீர் மகாலின் முன்னே ஒரே கல்லிற் குடைந்த பெருந்தொட்டி ஒன்று உள்ளது. உயரம் ஏறத்தாழ 5 அடி. வாயின் குறுக்களவு 8 அடி. ஏறி இறங்க உள்ளும் புறமும் படிகள் வெட்டியுள்ளனர். காலம் கி.பி. 1610-11. தாஜ்மகால் காணச் செல்வோர் பலர் இதனை ஒரு கணம் நோக்கி அகல்கின்றனர். சற்றே நின்று காணல் வேண்டும். வெந்நீர் வார்த்தால் கல்லே முதலில் வெப்பத்தைக் குடித்துவிடும். அதனை ஈடுசெய்ய மேலும் மேலும் நீர் சுமப்போர் இருந்தமையால் அரசர்க்குக் கல் ஏற்றதாயிற்று.

ஐரோப்பியச் செல்வர் செம்பை நாடினர். உள்ளே ஈயம் பூசிய அத்தொட்டிகள் விரைவிற் சூடேறும். தோல் நோயால் வருந்திய பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மாரா, 1793 ஜூலை 13 அன்று கத்திக்குத்துப்பட்டு மாண்டது காலணி வடிவான செம்புத் தொட்டி ஒன்றிலேதான். செம்பின் குணமும் அதனைப் புளியிட்டுத் துலக்கும் பாடும், வெந்நீர்த் தவலை வைத்திருந்த நம் தாய்மார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களில் இருந்தது துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி. குழாயும் இல்லை, வடிகாலும் இல்லை. பிஷ்டி எனப்படும் நீர் சுமப்போர் தோற்பையிலும், பணியாளர் 4 காலன் கொள்ளும் மண்ணெண்ணெய்த் தகரத்திலும் நீர் கொணர்ந்தனர். குளித்தபின் தொட்டியைச் சாய்த்துத் தரையிற் கொட்டினால், சுவர்த் துளை வழியே நீர் வெளியேறும். ஒருவர் சாய்க்கத்தக்க இலேசான தொட்டியே அங்கு வேண்டியிருந்தது. அவர் வந்து போகப் புறவாயில் ஒன்றும் தனியே வைத்தனர்!

நகரங்களிற் குழாயும் சாக்கடையும் வந்தபின், அசைக்கவியலாத தொட்டியும் ஏற்புடையதாயிற்று. 1883-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோலர் என்பார், கால்நடைத் தொட்டியாகப் பயன்பட்ட வார்ப்பிரும்புக் கலத்திற்கு எனாமல் பூசி, நான்கு கால் பொருத்திக் குளியல் தொட்டியாக விற்றார். வார்ப்பிரும்பு சூட்டை நெடுநேரம் காக்கும். ஆனால் எனாமல் சிதறிய இடத்திற் துரு ஏறும். சரக்குச் சீட்டு எழுதிப் பழகிய என் போன்றோர்க்கு எடையே முதலிற் கண்ணிற் படும். ஐந்தடித் தொட்டி சுமார் 150 கிலோ. நீரும் ஆளும் சேரின் 350 கிலோவிற்கு மேல். மாடியில் வைக்க விழைவோர் இவ்வெடையைப் பொறியாளரிடம் முன்னரே கூறி, தளம் தாங்குமா என்று கேட்டல் நலம்.

அக்ரிலிக் 1930-களிற் சந்தைக்கு வந்து, இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் மேல்மூடியாக விளங்கிய பொருள். கண்ணாடி இழையால் முதுகு வலுவூட்டிய அத்தொட்டியை இருவர் எளிதிற் தூக்குவர்; தொட்டாற் குளிராது. கீறல் விழும் என்பது மெய்யே. சிறு கீறலைத் தேய்த்துப் போக்கவும் இயலும். எளிய குடும்பத்திற்கு இதுவே தக்கது என்பேன்.

ஆயினும் எதனைத் தேர்ந்தாலும், ஒரு முறை நிறைக்க அம் மண்ணெண்ணெய்த் தகரத்தால் எட்டுத் தகரம் நீர் வேண்டும். வேளை வைத்துக் குழாயில் நீர் வரும் இடத்தில் மனை கட்டுவோர், மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவை முதலிற் கணக்கிட்டு, அதன்பின் கடைக்குச் செல்க.