மைப்படியும் கணினித் திரையும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை எப்படிப் படித்தெடுத்தார்கள் என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

கல்லும் வெட்டிய எழுத்தும் ஒரே நிறம். வெளிச்சம் நேராக விழுந்தால் ஒன்றும் புரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து தெரியும். இதற்காகக் கல்வெட்டுத் துறையினர் கையாளும் முறை மைப்படி. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, முரட்டுத் தூரிகையால் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடமெல்லாம் கருப்பு, பள்ளத்து எழுத்து மட்டும் வெள்ளை. நான் பிரெஞ்சில் படித்தவன். ஆங்கிலேயர் இதற்குச் சொல்லும் 'எஸ்தாம்பாஜ்' பிரெஞ்சுச் சொல் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இன்று கைப்பேசியில் 'டார்க் மோட்' என்கிறார்களே, பார்வைக்கு அதுவும் இப்படித்தான் இருக்கிறது.

ஓலைச்சுவடியில் வழி வேறு. எழுத்தாணிக் கீறலுக்கு நிறம் கிடையாது. கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நிற்கும். அதாவது வெளிர் மஞ்சளில் கருப்பு எழுத்து.

கணினியும் இந்த இரண்டு வழியிலும் போய் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் அலுவலகங்களுக்கு வந்த பெட்டிகள் பலவற்றில் கருப்புத் திரை, பச்சை எழுத்து. அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனம் 1973-இல் செய்த 'ஆல்ட்டோ' காகிதம் போல வெள்ளையில் கருப்பாகக் காட்டியது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. 2019-இல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கருப்புத் திரை மறுபடி வந்தது.

கருப்புத் திரைதான் கண்ணுக்கு நல்லது என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அப்படியே நம்ப வேண்டாம். இருட்டுத் திரையைப் பார்க்கும்போது கண்ணின் பாவை விரிகிறது. விரிந்தால் எழுத்தின் கூர்மை குறையும். வெள்ளைத் திரையில் பாவை சுருங்கி எழுத்து தெளியும். ஆனால் கண்புரை இருப்பவருக்கு வெள்ளை வெளிச்சம் உள்ளே சிதறி எல்லாம் புகை மூடினாற்போலாகும். அவருக்குக் கருப்புதான் சுகம். என் வயதுக்காரர் பலருக்கு நான் சொல்வது ஓலை நிறம். விண்டோஸ் 10-இல் 'நைட் லைட்' என்று இருக்கிறது. அதைக் கொஞ்சமாக வைத்தால் திரை அந்த நிறத்துக்கு வரும். திரை வெளிச்சம் அறை வெளிச்சத்தை மிஞ்சாமல் இருக்கட்டும்.

எழுத்தின் அளவு இன்னும் முக்கியம். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. ண, ன, ள, ழ எல்லாம் வளைவும் சுழியும். புள்ளி மறைந்தால் 'பட்டு' 'படடு' ஆகிவிடும். மூன்றாவது கார்பன் நகலில் கோப்பு படித்த குமாஸ்தாக்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல.

கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கம் பெரிதாகும். கண்ணைச் சுருக்காமல் மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிற அளவில் நிறுத்துங்கள். அதிகமாகிவிட்டால் அதே விசையோடு கழித்தல் குறி.