இருவர் ஒருவரான பட்டியல்: இணைக்கும் முன் வகுக்கவேண்டிய விதி

புளியங்குளத்தில் ஒரு தாயின் வீட்டில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வாசித்துக் காட்டினேன். வெவ்வேறு ஆட்கள் சேகரித்த இரண்டு பட்டியல்களைக் கணினியில் ஒன்றாக்கும் சிறு தன்னார்வ முயற்சியில் நானும் இருந்தேன். 2009 மே மாதம் அவருடைய இரண்டு மகன்மாரும் ஒன்றாகவே சரணடைந்தவர்கள். எங்கள் பட்டியலில் ஒருவர்தான் இருந்தார். மற்றவரை யாரும் வேண்டுமென்று நீக்கவில்லை. இருவரும் ஒரே ஆள் என்று எங்கள் நிரல் முடிவெடுத்திருந்தது.

நிரலை இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ‘இந்த இரு பதிவும் ஒரே ஆளா?’ என்ற கேள்விக்கு ஒருவர் எழுத்துக்கூட்டலைப் பார்த்தார், மற்றவர் ஒலியைப் பார்த்தார். இரு நிரல்களையும் இணைத்தபோது தளர்வான விதி முந்திக்கொண்டது.

ஒலியைப் பார்க்கும் பிரபலமான முறை ‘சவுண்டெக்ஸ்’. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தையும், அடுத்துவரும் மெய்யொலிகளுக்கான மூன்று இலக்கங்களையும் மட்டும் வைத்துக்கொள்ளும். கிருஷ்ணகுமார், கிருஷ்ணகாந்தன், கிருஷ்ணவேணி மூவருக்கும் கிடைப்பது ‘கே625’தான். பிள்ளைகளுக்கு ஒரே தொடக்கத்தில் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். தந்தை பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், நாள் எல்லாம் ஒன்றானால் கணினி ஏமாறும். மறுபக்கம், யோகராசாவை ‘ஜி’ போட்டு எழுதினால் ‘வை262’, ‘எச்’ போட்டு எழுதினால் ‘வை620’. அங்கே ஒருவர் இருவராவார்.

இந்த விதியை ஒவ்வொருவர் நிரலிலும் விடாமல், தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரேயொரு சார்பாக (ஸ்டோர்ட் ஃபங்ஷன்) எழுதிவைக்க வேண்டும். எந்த நிரலும் அதையே அழைக்கும். நிரல்களை இணைக்கும் முன் இவற்றைத் தீர்மானியுங்கள்:

1. விடை ‘ஆம், இல்லை’ ஆக இருக்கக்கூடாது. ஒற்றுமைக்கான புள்ளியும் காரணமும் வரவேண்டும். இறுதி முடிவை மனிதர் எடுக்கவேண்டும்.

2. தமிழ்ப் பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, பால், ஊர் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கவேண்டும். வெற்றுக் கட்டத்தை ‘பொருந்துகிறது’ என்று எண்ணக்கூடாது.

3. சார்பு வாசிக்க மட்டும் வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ‘ஸ்டேபிள்’ என்று அறிவித்தால் தரவை மாற்றும் கட்டளைகளை அது ஏற்காது. இணைப்புகளைத் தனி அட்டவணையில் பதியுங்கள். மூலப்பதிவு அப்படியே இருந்தால்தான் பிழையைத் திரும்பப் பிரிக்கலாம்.

4. குடும்பத்தினர் உறுதிசெய்த சோடிகளைச் சோதனையாக வையுங்கள்: உடன்பிறந்தோர், இரட்டையர், இரு எழுத்துக்கூட்டலில் ஒரே ஆள். ஒன்று பிழைத்தாலும் இணைக்கவேண்டாம்.

5. விதி மாறினால் பழைய சார்பைத் திருத்தாமல் புதிய பெயரில் எழுதுங்கள். முதலில் சார்பு தரவுத்தளத்துக்குப் போகட்டும், பிறகு அதை அழைக்கும் நிரல்.

இது தொழில்நுட்பக்காரரின் கவலை மட்டுமல்ல. சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டமும் மனித உரிமைகள் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் 2018 டிசம்பரில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களில் சுமார் 500 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாக அது சொன்னது. பல பட்டியல்களில் எத்தனை பெயர்கள் திரும்ப வருகின்றன என்பதிலிருந்து, எந்தப் பட்டியலிலும் வராதோரையும் கணிக்கும் முறை அது. இதில் இருவரைப் பிழையாக ஒன்றாக்கினால் மதிப்பீடு குறையும். ஒருவரை இருவராக விட்டால் கூடும். இரண்டுமே எங்கள் சாட்சியத்தை மறுப்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடும்.

அந்தச் சகோதரர்களின் பதிவுகளை நாங்கள் மூலப்படிவங்களைப் பார்த்துத்தான் பிரிக்கமுடிந்தது. பிறந்த ஆண்டு இருவருக்கும் வேறாக இருந்தது, நிரல் அதைப் பார்க்கவேயில்லை. இப்போது எங்கள் சார்பின் முதலாவது சோதனை அந்தச் சோடிதான். அடுத்தமுறை புளியங்குளம் போனபோது இரண்டு பெயர்களையும் வாசித்தேன். தாய் இரண்டையும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.