மண்ணெண்ணெயில் ஓடியதும் லீசிங்கில் ஓடுவதும்

இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு, பின்னுக்குப் பேருக்கு ஒரு சீற். கூபே எண்டு சொல்லுற இந்த வகைக் கார்களைப் பற்றிய யூடியூப் மதிப்பீடுகளை எங்கட பெடியள் பார்க்கிற அளவுக்குப் பாடக்குறிப்புகளைப் பார்க்கிறதில்லை. முதன்முதலாக வாகனம் வாங்கும் இளைஞருக்குக் கைக்கெட்டும் விலையில் வேகமான கார் எது என்பதுதான் அந்த வீடியோக்களின் கேள்வி. வன்னியில் இருந்து கேட்டால் "கைக்கெட்டும் விலை" என்ற இடத்திலேயே சிரிப்பு வரும். எங்கட நாட்டில் காருக்குக் கட்டும் வரி ஒரு காரையே விழுங்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இளைஞர்களின் முதல் வேகம் எப்போதுமே இரண்டு சில்லில்தான் வந்திருக்கிறது.

ஆனாலும் அந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. அதையே எங்கட றோட்டில் வைத்து, கொஞ்சம் பின்னோக்கிப் போய்க் கேட்டுப் பார்க்கிறோம். வன்னியில் ஒரு இளைஞருக்கு ஏற்ற வாகனம் எது என்பதைக் கடந்த முப்பத்தைந்து வருசமாக எது தீர்மானித்தது? குதிரைவலு இல்லை என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில். ஒரு காலத்தில் அது எதைக் குடித்து ஓடும் என்பது தீர்மானித்தது. பிறகு அதன் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது தீர்மானித்தது.

முதலில் வெளியுலகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மலிவான வேகக் கார் என்ற எண்ணத்தைப் பெரிய சந்தையாக்கியது அமெரிக்காவின் ஃபோர்ட் மஸ்டாங். 1964 ஏப்ரலில் வந்தது, தொடக்க விலை 2,368 டொலர். மேலே கவர்ச்சியான உடம்பு. உள்ளே ஃபோர்டின் சாதாரண குடும்பக் காரான ஃபால்கனின் பாகங்கள். முதல் வருசத்திலேயே 4 இலட்சத்துக்கும் மேல் விற்றது. 1980களில் யப்பானில் ரொயோட்டா கொறொல்லா ஏஈ86 அதையே வேறு விதத்தில் செய்தது. 2012 இல் அதன் நினைவாக 86 என்ற பெயரோடு ரொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து ஒரு கூபேயை இறக்கின. எல்லாவற்றிலும் சூத்திரம் ஒன்றுதான். அன்றாட வண்டியின் எலும்புக்குக் கனவின் தோலைப் போர்த்து, மாதத் தவணையில் கொடுப்பது. இந்தச் சூத்திரம் ஏ9 வீதிக்கும் வந்தது, கொஞ்சம் பிந்தி. அதற்கு முதல் வேறொரு காலம் இருந்தது.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உதிரிப்பாகங்கள் என்று தடைப்பட்டியல் நீளம். மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டோடு கொஞ்சம் வந்தது. அந்தக் கொஞ்சத்தில் விளக்கும் எரிய வேண்டும், தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் ஓட வேண்டும், வாகனமும் ஓட வேண்டும். கிடைத்த சொட்டுப் பெற்றோல் தங்கம் மாதிரி. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம் அது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருப்பினம்.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுமா? ஓடும், ஆனால் முறைப்பாடு சொல்லிக்கொண்டு ஓடும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சின்னப் பிளாஸ்டிக் போத்தலால் துளிப் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் பண்ணுவார்கள். சூடு ஏறினதும் மண்ணெண்ணெய் பொறுப்பேற்கும். இடையில் நின்றுபோனால் திரும்பவும் போத்தலை எடுக்க வேண்டும். அடுத்த சிக்கல், மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு குறைவு. உயர்ந்த அமுக்க விகிதம் உள்ள எஞ்சினில் அது நேரத்துக்கு முதலே வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரித் தட்டும். அதனால் புது எஞ்சின்கள் தோற்றன, பழசுகள் வென்றன. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கார்கள் வடக்கில் இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. ஏ40 இன் 1,200 சிசி எஞ்சின் தருவது 40 குதிரைவலு. அமுக்க விகிதம் ஏறக்குறைய 7. இன்றைய காரோடு வைத்தால் பாவம். ஆனால் கெட்ட எரிபொருளை மன்னிக்கத் தெரிந்த எஞ்சின் அது.

எங்கட ஆக்களின் இந்தக் கெட்டித்தனத்தை உலகில் எங்கும் இல்லாத அதிசயம் மாதிரிச் சிலர் எழுதுவார்கள். அது அப்படியில்லை. பிரிட்டனில் ஃபெர்குசன் ரிஈ20 ட்ரக்டரின் ஒரு வகை, பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவு எண்ணெய்க்கு மாறி ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அங்கே பொறியியலாளர் செய்ததை இங்கே கராச்சில் நின்ற மெக்கானிக், வழிகாட்டிப் புத்தகம் இல்லாமல், உதிரிப்பாகம் இல்லாமல் செய்தார். எங்களுக்கு அதுதான் கூடப் பெருமை.

மோட்டார் சைக்கிளிலும் இதே கணக்குத்தான். ஹொண்டா சீ90, யப்பானில் தபால்காரருக்காகச் செய்யப்பட்ட எம்டி90, கொஞ்சம் பெரிய ஆள் என்றால் இரட்டைச் சிலிண்டர் சீடி200. அந்தக் காலத்து இளைஞர் ஒரு வண்டியை மதிப்பிட்ட விதம் இன்றைய வீடியோவில் வராது. எத்தனையாவது உதையில் ஸ்டார்ட் ஆகும், எவ்வளவு புகைக்கும், கரி பிடித்த பிளக்கை எத்தனை நாளுக்கு ஒருக்காக் கழற்ற வேண்டும், மழைக்குச் சேறான கிறவல் ஒழுங்கையில் மூன்று பேரோடு ஏறுமா? வேகம் கேட்கிற ஆள் இல்லை. றோட்டும் இல்லை.

2002 தொடக்கத்தில் தடை நீங்கியது. ஏப்ரலில் ஏ9 திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி, பதிந்து, சோதனைப்பட்டு என்றாலும் தெற்கிலிருந்து சாமான்கள் வந்தன, அவற்றோடு இந்திய மோட்டார் சைக்கிள்களும் வந்தன. கிளிநொச்சியில் புலிகளின் காவல்துறை ஏ9 இல் வேகமானியோடு நின்று வேகமாக வந்தவர்களுக்குத் தண்டம் எழுதியது அப்போது வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேடிக்கைச் செய்தி. எங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. தண்டம் எழுதுகிற அளவுக்கு ஓடக்கூடிய வண்டியும் அதற்குப் பெற்றோலும் வன்னியில் திரும்ப இருந்தன என்பதற்கு அது சாட்சி. 2006 ஆகஸ்ட் 11 இல் பாதை மூடப்பட்டது. பெற்றோல் திரும்பவும் போத்தலுக்குள் போனது.

2008, 2009 இல் வண்டிகள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. ட்ரக்டர், லான்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் ஆட்களையும் கூரைத் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு இடம் இடமாகப் போய், கடைசியில் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் நின்றன. சனம் வெறுங்கையோடு கடலேரியைக் கடந்தது. போருக்குப் பிறகு அந்தப் பக்கம் எடுத்த படங்களில் துருப்பிடித்த வாகனக் குவியல்கள் கிடக்கும். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். இப்போது அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் சீ90 இன் முன் மட்கார்ட் தெரியும், பஜாஜின் தாங்கி தெரியும். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் சேமிப்பு.

ஏறக்குறைய 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைபட்டார்கள், பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக் பாமில். அங்கிருந்து ஊருக்குத் திரும்பியவர்களிடம் வண்டி இல்லை, கதவு இல்லை, பல இடத்தில் கிணறே தூர்ந்து கிடந்தது. ஆனால் ஏ9 சில வருசங்களில் அகலமாகி, கண்ணாடி மாதிரி ஆனது. அதன் இரு கரையிலும் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் வரிசையாகப் பெயர்ப்பலகை தூக்கின. வீட்டுக்கு அத்திவாரம் போட முதலே முற்றத்தில் புது மோட்டார் சைக்கிள் நின்ற வீடுகள் உண்டு. பெரியவர்கள் அதைப் பார்த்து "பெடியளுக்கு விசர்" எண்டு சொல்லுவினம். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். எல்லாம் இழந்த இடத்தில் உடனே கையில் கிடைத்து, உடனே நகரக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

அந்தப் பொருளின் பெயர் பெரும்பாலும் பல்சர். பஜாஜ் அதை இந்தியாவில் 2001 இல் 150, 180 சிசி என்று இறக்கியது. அதுவரை அங்கே இளைஞரும் தபால்காரரும் பெரும்பாலும் ஓடியது 100 சிசி வண்டி. பல்சர் மஸ்டாங்கின் வேலையைச் செய்தது: பருத்த தாங்கி, கனத்த சத்தம், ஆனால் பராமரிப்புச் செலவு சாதாரண வண்டிக்குப் பக்கத்தில்.

சரி, மதிப்பீட்டுக்கு வருவோம். 150 இன் எஞ்சின் 14 குதிரைவலு அளவு தரும். லீற்றருக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். பரந்தனிலும் மாங்குளத்திலும் எந்தச் சந்தியிலும் அதைத் திருத்தத் தெரிந்தவர் இருப்பார். இதைவிடப் பெரிய குணம் ஒரு வண்டிக்கு வன்னியில் தேவையில்லை. குறை என்றால், வேகம் வருகிற அளவுக்கு நிறுத்தம் வராது. பழைய 150 இல் முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம், ஏபிஎஸ் இல்லை. அதோடு விளக்கில்லாத நேர் றோட்டும், இரவில் தார்ச் சூட்டுக்கு வந்து படுக்கிற மாடுகளும். இலங்கைச் சட்டம் 100 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு வேறு வகுப்பு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி முதல் வண்டியாகவே பல்சரில் ஏறியவர்களின் பெயர்களை ஏ9 ஓரத்துக் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் நாங்கள் வாசித்திருக்கிறோம். கற்றுக்கொள்ள 100 சிசி போதும். இதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறோம்.

பெரிய குறை எஞ்சினில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. லீசிங்கில் எடுத்த வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர் இருக்கும். ஓடுகிறவர் பதிவு உரிமையாளர்; நிறுவனம் அறுதி உரிமையாளர். தவணை முடியும் வரைக்கும் எண்ணெய் விடுவதும், காப்புறுதி கட்டுவதும், விழுந்தால் காலை முறிப்பதும் முதலாமவர். வண்டி இரண்டாமவருடையது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். வண்டி 300,000 ரூபா, முற்பணம் 60,000. மீதி 240,000 க்கு வருசம் 20 வீதம், நான்கு வருசம். முழுத்தொகைக்கும் நான்கு வருச வட்டியை ஒரேயடியாகப் போடும் முறையில் வட்டி 192,000. மாதம் 9,000 வீதம் 48 மாதம். முற்பணத்தோடு சேர்த்து 492,000. இதில் மறைந்திருக்கிற விசயம், மாதாமாதம் கடன் குறைந்துகொண்டு போகும்போதும் வட்டி முதல் நாள் தொகைக்கே போவது. குறைகிற கடனுக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 20 வீதம் உண்மையில் 30 ஐயும் தாண்டும். 14 குதிரைவலு எண்டு வாயில் வைத்திருக்கிற எங்களில் எத்தனை பேருக்கு இந்த எண் தெரியும்?

இன்னொன்று. தவணை மாதத்துக்கு ஒருக்கா வரும். வன்னியில் காசு அப்படி வருவதில்லை. பெரும்போக அறுவடைக்கு ஒருக்கா, இரணைமடு போன்ற குளங்களில் தண்ணீர் நின்றால் சிறுபோகத்துக்கு ஒருக்கா. மற்ற மாதங்களில் கூலிவேலை, வெளிநாட்டுச் சொந்தத்தின் தயவு, இல்லாவிட்டால் இன்னொரு கடன். மழை பிழைத்த வருசம் தவணையும் பிழைக்கும். பிறகு இரண்டு பேர் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அமெரிக்க இளைஞர் மஸ்டாங்கைத் தவணையில் எடுத்தபோது அவர் கையில் மாதச் சம்பளம் இருந்தது. சூத்திரம் இங்கே வந்தபோது அந்தப் பாதி மட்டும் வரவில்லை.

இவ்வளவு நேரமும் இளைஞர் என்று நாங்கள் எழுதியது பெடியளைத்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பல்சரின் விளம்பரங்களே இது ஆம்பிளை வண்டி என்று சொல்லித்தான் விற்றன. ஆனால் போருக்குப் பிந்திய வன்னியில் ஒரு வாகனம் ஆட்களின் வாழ்க்கையை எவ்வளவு மாற்றியது என்று அளந்தால், ஸ்கூட்டி பெப் பல்சரைத் தோற்கடிக்கும் என்பது எங்கட எண்ணம். ஆசிரியைகள், குடும்ப நல உத்தியோகத்தர்கள், தனியே குடும்பம் நடத்தும் அம்மாக்கள் எல்லாரையும் பஸ் வராத ஊர்களில் நகர்த்தியது அது. 

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2022 இல் பெற்றோல் வரிசை வந்தது, கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு தரம் போய்வந்தால் 130 கிலோமீற்றர் போய்விடும். அதற்குள் பல்சர்க்காரர் மீதியைத் தாங்கியை ஆட்டிப் பார்ப்பார். பழைய சீ90 காரர் சந்தைக்கும் வயலுக்கும் ஓடிக்கொண்டிருப்பார். தெற்கில் அதை வரலாறு காணாத நெருக்கடி என்று எழுதினார்கள். எங்கட வீட்டுப் பெரியவர்கள் வரிசையில் நின்றபடி 1990களின் கதையை எடுத்துவிட்டார்கள், கொஞ்சம் உற்சாகத்தோடுகூட.

2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதி திரும்பத் திறந்தது. ஏ9 ஓரத்துக் காட்சியறைகளில் புது மாதிரிகள் நிற்கின்றன. தவணை அட்டவணை வாசலிலேயே தருகிறார்கள். வாங்கப் போகிறவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் மொத்தமாகக் கட்டப்போகும் தொகையை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கோ. கையில் ஓடின வண்டி என்றால் டயரைத் தட்டிப் பார்க்க முதல் புத்தகத்தை விரித்து, அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் யாற்ற பேர் கிடக்கு எண்டு பாருங்கோ. நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வரும் வரைக்கும் காசைக் கொடுக்காதேங்கோ.