கண்டெய்னரா, வர்ச்சுவல் மெஷினா? உங்கள் மடிக்கணினிக்கு எது சரி?

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுச்சு!"

குழுவாகச் சேர்ந்து மென்பொருள் எழுதிய யாருக்கும் இந்த வசனம் புதிதல்ல. உங்களிடம் பைத்தான் 3.12, நண்பரிடம் 3.8. புராஜெக்டை ஒப்படைக்க இன்னும் ஒரு மணி நேரம்தான். இந்தத் தலைவலிக்கு இரண்டு மருந்துகள் உண்டு: வர்ச்சுவல் மெஷின், கண்டெய்னர். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும். உள்ளே அப்படி இல்லை.

கணினிக்குள் இன்னொரு கணினி

வர்ச்சுவல் மெஷினை அப்படித்தான் சொல்ல வேண்டும். ஹைப்பர்வைசர் எனும் மென்பொருள் உங்கள் கணினியின் செயலி, நினைவகம், சேமிப்பிடம் எல்லாவற்றிலும் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கும். அதன்மேல் தனி இயங்குதளம் ஓடும். அதற்குத் தனி கெர்னலும் இருக்கும். யோசனை பழையது. ஐபிஎம் 1972இலேயே தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370ஐ அறிவித்துவிட்டது. இன்று பலரும் பயன்படுத்துவது விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர்.

அப்போ கண்டெய்னர்?

அதற்கென்று தனி கெர்னல் கிடையாது. கணினியில் ஏற்கெனவே ஓடும் லினக்ஸ் கெர்னலையே எல்லாக் கண்டெய்னர்களும் பகிர்ந்துகொள்ளும். எதைப் பார்க்கலாம் என்பதை 'நேம்ஸ்பேஸ்' கட்டுப்படுத்தும். எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை 'சிகுரூப்' பார்த்துக்கொள்ளும். இவை லினக்ஸில் முன்பே இருந்தன. 2013இல் வந்த டாக்கர்தான் அவற்றை எளிதாக்கி எல்லார் கைக்கும் கொண்டுவந்தது.

உணவங்காடி நிலையத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் சொந்த அடுப்பு, சொந்தச் சமையல். ஆனால் மேசை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் பொது. அதனால் புதுக் கடை போட அதிகச் செலவில்லை. ஆனால் துப்புரவுக்காக நிலையத்தை மூடினால் எல்லாக் கடைக்கும் விடுமுறைதான். கெர்னல் முடங்கினாலும் அதே கதை.

எடையில் பெரிய வித்தியாசம் தெரியும். வர்ச்சுவல் மெஷினுக்குப் பல கிகாபைட் இடம் வேண்டும். ஆல்பைன் லினக்ஸ் கண்டெய்னர் இமேஜ் 10 மெகாபைட்டைக்கூடத் தாண்டாது. கண் சிமிட்டும் நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும். உங்கள் மடிக்கணினியில் 8 கிகாபைட் நினைவகம் மட்டும் என்றால், வர்ச்சுவல் மெஷினுக்கு 4 ஒதுக்கியதும் பாதி போச்சு!

ஆனால் ஒன்று. மேக்கிலும் விண்டோஸிலும் லினக்ஸ் கெர்னல் இல்லையே, அங்கே டாக்கர் எப்படி ஓடுகிறது? டாக்கர் டெஸ்க்டாப் சத்தமில்லாமல் ஒரு லினக்ஸ் வர்ச்சுவல் மெஷினைத் தொடங்கி, அதற்குள்தான் கண்டெய்னர்களை ஓட்டுகிறது. கண்டெய்னர் லேசானது என்று நம்பி நிறுவிய பிறகும் மேக் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவர் எவ்வளவு தடிமன்?

உண்மையான கேள்வி இதுதான். 2019 பிப்ரவரியில், கண்டெய்னர்களை இயக்கும் 'ரன்சி' மென்பொருளில் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. தீங்கான கண்டெய்னர் ஒன்று வெளியே வந்து முழுக் கணினியின் கட்டுப்பாட்டையும் பிடிக்க அது வழிவிட்டது. திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் கெர்னலைப் பகிர்ந்தால் சுவர் மெலிதுதான். வர்ச்சுவல் மெஷினிலிருந்தும் தப்பிக்க முடியும், ஆனால் அது இன்னும் கடினம். முன்பின் தெரியாதவர்களின் நிரல்களை ஓட்டும் அமேசான், அதற்காகவே ஃபயர்கிராக்கர் எனும் மிகச் சிறிய வர்ச்சுவல் மெஷினை உருவாக்கி 2018இல் வெளியிட்டது.

ஆகவே உங்கள் குழுவின் சொந்த நிரல், தரவுத்தளம், இணையச் செயலி என்றால் கண்டெய்னர் போதும். சந்தேகமான கோப்பைத் திறந்து ஆராயவோ, மேக்கில் விண்டோஸ் மென்பொருளைச் சோதிக்கவோ வேண்டுமா? வர்ச்சுவல் மெஷின்தான், வேறு பேச்சே இல்லை.

புதிய மேக் வைத்திருப்போர் கவனிக்க: அதில் இருப்பது ஆர்ம் வகைச் செயலி. அதில் கட்டிய இமேஜ், இன்டெல் வகை சர்வரில் அப்படியே ஓடாது. கட்டும்போதே எந்த வகைச் செயலிக்கு என்று குறிப்பிட வேண்டும்.

வேலைப் பயிற்சிக்குப் போகிறீர்களா? டாக்கர் டெஸ்க்டாப் மாணவர்களுக்கும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் இலவசம். ஆனால் 2021இல் அறிவித்த விதிப்படி, 250 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் அல்லது ஆண்டுக்கு 10 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அலுவலகக் கணினியில் நிறுவும் முன் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கட்டணம் வேண்டாம் என்றால் போட்மேன் இருக்கிறது. டாக்கர் கட்டளைகளில் பெரும்பாலானவை அதிலும் அப்படியே வேலை செய்யும்.