‘குடும்பத்தினர்’ என்றால் யார்?

மூச்சில்லாமல் பிறந்த சிசுவின் வாயோடு வாய் வைத்து ஊதி உயிர் மீட்பது, மருத்துவச்சிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் அதைப் பாமரர் வழக்கம் என்று முகம் சுளித்தார்கள். துருத்தி வைத்துக் காற்றடிப்பதே கௌரவமாகப் பட்டது. 1950களில் ஜேம்ஸ் இலாமும் பீட்டர் சஃபாரும் அமெரிக்காவில் சோதனைகள் செய்து வாய்வழி மூச்சே மேல் என்று நிறுவிய பிறகுதான் அது ‘மருத்துவம்’ ஆயிற்று. சிபிஆரின் வரலாற்றை இந்த ஆண்களின் பெயர்களிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

சிபிஆரின் இன்னொரு பாதி, நெஞ்சை அழுத்துவது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960 ஜூலையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மார்பைப் பிளக்க வேண்டாம், இரண்டு கைகள் போதும், யாரும் எங்கும் செய்யலாம் என்றது அது. அவர்கள் இந்த முறையில் முதலில் மீட்டது ஒரு பெண்ணை. அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது அவருடைய இதயம் நின்றுபோனது. பின்னாளில் ஜூட் அந்தச் சம்பவத்தை நினைவுகூர்ந்தபோது, மறக்காமல் சொன்ன விவரங்களில் ஒன்று அவருடைய உடல் பருமன். பெயரை நமக்கு யாரும் சொல்லவில்லை.

‘யாரும்’ என்று எழுதிவிட்டார்களே தவிர, எல்லோருக்கும் கற்றுத்தர மருத்துவ உலகம் உடனே முன்வரவில்லை. 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் கூட்டிய மாநாடு மருத்துவத் துறையினருக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. பொதுமக்களுக்கும் கற்றுத்தர வேண்டும் என்ற பரிந்துரை 1973 மாநாட்டில்தான் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே சியாட்டில் நகரத்தில் இதயநோய் மருத்துவர் லெனார்ட் காப் ஊராருக்கு வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். முதல் இரண்டே ஆண்டுகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் இதயம் கடைத்தெருவிலா நிற்கிறது? மருத்துவமனைக்கு வெளியே நிகழ்பவற்றில் பத்தில் ஏழு வீட்டில்தான். அப்போது பக்கத்தில் இருப்பவர்தான் கை வைக்க வேண்டும். அதனால், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களின் ‘குடும்பத்தினருக்கு’ச் சொல்லிக்கொடுப்போம் என்ற யோசனை வலுத்தது. நியாயமான யோசனைதான். மாரடைப்பு ஆண்களின் நோய் என்று எண்ணப்பட்ட காலம் அது. ஆகவே அந்தப் பொதுச்சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் மனைவி. அவருக்கு உப்பில்லாச் சமையலும் மாத்திரை நேரமும் ஏற்கெனவே பொறுப்பு. இப்போது கணவரின் உயிரும் சேர்ந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். அறுபது வயதுப் பெண்ணுக்கு இது சாதாரண உடலுழைப்பல்ல.

இந்தப் பாடம் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஒரு செவிலியர்: லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கேத்லீன் டிராகப். 1986இல் அவர் குழு வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. குடும்பத்தினர் சிபிஆர் கற்ற வீடுகளில் நோயாளிகளின் பதற்றம் மற்ற வீடுகளைவிடக் கூடியிருந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. மனைவி ஒரு பொம்மையின் மார்பை அழுத்திப் பழகிவிட்டு வந்தால், அந்தப் பொம்மை யார் என்பது கணவருக்குத் தெரியும்தானே?

‘அப்படியானால் சொல்லித்தர வேண்டாம்’ என்று முடிப்பது எளிது. பெண்களுக்கு அறிவு மறுக்கப்படும்போதெல்லாம் சொல்லப்படும் காரணம்தான் அது: மனம் தாங்காது, வீட்டு அமைதி கெடும். டிராகப் அந்த வழியில் போகவில்லை. 1997இல் வந்த அவர் குழுவின் அடுத்த ஆய்வில், பயிற்சியோடு பயத்தைப் பேசித் தீர்க்கும் ஆதரவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் நோயாளிகள் மற்றவர்களைவிடப் பதற்றம் குறைந்து, நல்லபடியாகத் தேறியிருந்தார்கள். பிறகு டெப்ரா மோசருடன் சேர்ந்து வாழ்க்கைத்துணைகளையே கேட்டபோது, பயிற்சி பெற்றவர்களிடம் ‘நிலைமை என் கையில் இருக்கிறது’ என்ற உணர்வு கூடியிருந்தது தெரிந்தது. நோயாளியைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

கணவரைக் காப்பாற்ற முடியாமற்போன பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும். முன்பு மாரடைப்பு வந்த 7,001 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. நோயாளிகளில் ஆறில் ஐந்து பேர் ஆண்கள். பாதிப் பேரின் வீட்டில் சிபிஆர் பயிற்சியோடு நின்றது. மறு பாதிக்கு மின்னதிர்ச்சிக் கருவியும் கொடுத்தார்கள். இறப்பு விகிதம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. வீட்டில் நிகழ்ந்த திடீர் இதய மரணங்களில் பாதி மட்டுமே யாரேனும் பார்க்க நிகழ்ந்தவை. மற்றவை உறக்கத்திலோ பக்கத்து அறையிலோ ஆளில்லாத வேளையிலோ முடிந்திருக்கும். கற்றுக்கொண்டவர் கண்ணெதிரே இருந்தும் உயிர் திரும்பாமற்போவது சகஜம். வகுப்பில் இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘நான் சரியாக அழுத்தவில்லையோ’ என்ற கேள்வியோடு அவர் மிச்சக் காலத்தைக் கழிப்பார்.

பெண்ணின் இதயமே நின்றால்? ஆட்ரி பிளூவர் குழு 2018இல் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தது. பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதத்தினருக்கு அருகிலிருந்தவர்கள் சிபிஆர் செய்திருந்தார்கள். பெண்களில் 39 சதவீதத்தினருக்குத்தான். வீட்டுக்குள் இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. தெருவில் பெண்ணின் மார்பைத் தொடத் தயங்குகிறார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம்.

அந்தத் தயக்கத்தை வகுப்பறையும் கலைக்கவில்லை. நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் செய்த பயிற்சிப் பொம்மைக்கு ‘ஆன்’ என்று பெயர். பாரிஸில் சேன் நதியிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம் அது. ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க ஆண்கள் கூசுவார்கள் என்பதால் பெண்முகம் தேவைப்பட்டது. பெண்ணின் மார்பு தேவைப்படவில்லை. இன்றும் விற்பனையில் உள்ள பொம்மைகளில் ஏறத்தாழ எல்லாமே தட்டை நெஞ்சு கொண்டவை. பொம்மையின் மேல் மாட்டிக்கொள்ள, முலைகள் வைத்துத் தைத்த ஒரு சட்டை அமெரிக்காவில் வந்தது 2019இல்.