கனியும் கூலியும்

கலிபோர்னியாவிலே, கெர்ன் மாவட்டத்தின் வட எல்லையிலே, டெலானோ என்றோர் உழவு நகரம். 1873-ஆம் ஆண்டு இருப்புப்பாதையோடு பிறந்த ஊர். அமெரிக்க உள்துறை அமைச்சர் கொலம்பஸ் டெலானோவின் பெயரைத் தாங்கிய ஊர். எனினும் உலகம் அதனை அமைச்சரால் அறியவில்லை, திராட்சையால் அறிந்தது.

அந்தக் கனி தானே விளைந்ததன்று. மழை அருகிய சமவெளி அது. ஆற்று நீரைத் திருப்பிக் கூட்டாட்சி அரசு வெட்டிய பிரையன்ட்-கெர்ன் கால்வாய், 150 மைலுக்கு மேல் நீண்டு, 1951-இல் நிறைவுற்றது. கொடியின் தாகம் தீர்க்க அரசின் கரம் அத்துணைத் தொலைவு நீண்டது, நன்று! கொடியை வளர்த்தவனுக்கு? தொழிலாளர் சங்க உரிமைக்குக் காப்பளித்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம், பண்ணைத் தொழிலாளியை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தியது. நீர் வந்தது, நீதி வரவில்லை.

குளிரிலே கவாத்து. வேனிலிலே கொத்துக் களைதல். கோடையின் கொடு வெயிலிலே, கனிமீதுள்ள வெண்பூச்சுக் கலையாமல், காம்பைப் பற்றி அறுத்துப் பெட்டியில் அடுக்குதல். இந்தக் கைத்திறன் படைத்தோரில் பலர் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து இளமையிலே வந்தவர்கள். பெண்டிர் மிகச் சிலரே உடன் வந்தனர். வெள்ளை இனத்தாரை மணப்பதற்கோ, 1933-ஆம் ஆண்டுத் திருத்தம் "மலாய் இனத்தார்" என்று பெயர் சுட்டித் தடை போட்டது. 1948-இல் நீதிமன்றம் அத்தடையைத் தகர்த்தபோது, அவர்களிற் பலருக்கு இளமை கடந்துவிட்டது. பண்ணைக் கொட்டடிகளிலே தனியராய் மூத்தவர்களை "மனோங்" என்று அழைத்தனர்; அண்ணன் என்று பொருள்.

இதனை ஊழ் என்போமா? ஆண்டும் எண்ணும் இட்டு ஏட்டிலே எழுதப்பட்டது எங்ஙனம் ஊழாகும்? மனிதன் எழுதியது, மனிதனே திருத்தத் தக்கது!

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 8. மணிக்கு 1 டாலர் 40 சென்ட் கேட்டு, பிலிப்பினோத் தொழிலாளர் கத்தியைக் கீழே வைத்தனர். முன் நின்றவர் லாரி இட்லியாங்; 1929-இல் அமெரிக்கா வந்தவர்; ஆலை விபத்திலே மூன்று விரல்களை இழந்தவர். பண்ணை முதலாளிகளின் பழைய படைக்கலம் ஒன்று உண்டு. ஓரினம் வேலைநிறுத்தம் செய்தால் மற்றோர் இனத்தை இறக்குவது; இனத்துக்கொரு கொட்டடி அமைத்ததன் பயன் அது. எனவே இட்லியாங், மெக்சிகோ வழியினரின் சங்கத் தலைவர் சீசர் சாவேசை நாடினார். செப்டம்பர் 16-இல் அச்சங்கமும் போரில் குதித்தது. கொட்டடிச் சுவர் நின்றது. கருத்துச் சுவர் சரிந்தது. மறு ஆண்டு இரு சங்கங்களும் ஒன்றாயின.

1966-இல் டெலானோவிலிருந்து தலைநகர் சாக்ரமென்டோவுக்கு 25 நாள் நடைப்பயணம். அதன் முன்னே குவாடலூப்பே அன்னையின் கொடியும் சென்றது; மறைப்பானேன்? ஆனால் முதலாளிகளைப் பணிய வைத்தது எது? திராட்சையைத் தொடமாட்டோம் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இல்லத்தரசியர் கடையிலே காட்டிய உறுதி. ஐந்தாண்டுப் பட்டினிக்குப் பின், 1970 சூலை 29-இல், டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

வெற்றி நிலைத்ததா? 1973-இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும், பண்ணைகள் பல வேறொரு சங்கத்தோடு கைகுலுக்கின. தாளிலே எழுதிய ஒப்பந்தம் தவணைக்குரியது; சட்டமாக எழுதிய உரிமையே தொடர்ந்து துணை நிற்பது. அதனை உணர்ந்து தொழிலாளர் மீண்டும் போராடினர். 1975-இல் கலிபோர்னியா மாநிலம் பண்ணைத் தொழிலாளர் உறவுச் சட்டம் இயற்றியது. நாடளாவிய 1935-ஆம் ஆண்டுச் சட்டம் மூடிய கதவை, ஒரு மாநிலம் தன்னளவில் திறந்தது.

குடும்பமின்றி மூத்த மனோங்குகளுக்காக, 1974-இல் டெலானோவிலே அக்பயானி குடியிருப்பு எழுந்தது. கட்டியவை தொண்டர்களின் கைகள். உரிமைப்போர் இளமையைத் திருப்பித் தரவில்லை. முதுமைக்கு ஒரு கூரை தந்தது. அடுத்த தலைமுறைக்கு அதனினும் பெரிதொன்று தந்தது: தமக்கென எழுதப்பட்ட சட்டம்.

ஒரு நகரின் சிறப்பை விளைபொருளால் அளப்பது உலக வழக்கம். விளைவித்தவன் வாழ்வால் அளப்பதே நாம் பழக வேண்டிய வழக்கம்.