தாய்வீட்டுக்கு மாற்று: சென் ஜேம்ஸ் ரவுணில் நிறைமாதம்

யாழ்ப்பாண வழக்கில் நிறைமாதச் சௌகரியம் என்பது தாய்வீடே. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் அங்கு செல்வாள். வீங்கிய காலை நீட்டியிருக்கத் திண்ணையும், வேலையை ஏற்கத் தாயும் இருந்தனர். 1983க்குப் பின் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்த பெண்களுக்கு அவ்வீடு போர்முனைக்கு அப்பால் இருந்தது. 1960களில் எழுந்த அந்த அடுக்குமாடிகளோ தனியரையும் பிள்ளையற்ற இணையரையும் கருதித் திட்டமிடப்பட்டவை. ஆங்குப் பிள்ளைத்தாய்ச்சியின் ஓய்வு கணவனின் வேலைநேரத்தையும், மின்தூக்கி பழுதின்றி இயங்குவதையும், அடுத்த கதவுத் தமிழ்ப்பெண்ணின் உதவியையும் சார்ந்திருந்தது. அவளும் வேலைக்குப் போகிறவளே. அவ்வுதவியை நம் குடியேற்ற வரலாறுகள் அரிதாகவே குறிக்கின்றன. நடைதூரத்திலிருந்த வெலஸ்லி மருத்துவமனை மூடப்பட்டபின், பேறுவலி கண்டவளுக்கு வாகனமும் தேவையாயிற்று.